நீக்கச் சொன்ன இரண்டு நிமிடம்

போன மாதம் ஒரு மத்தியானம், என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கோர்ட்டில் அவள் சுருக்கெழுத்துத் தட்டச்சர். குரலில் பதற்றம்.

"அக்கா, எங்க ஜட்ஜம்மா ஒரு கேஸுக்காக வெப் சீரிஸ் பாக்கணும்ங்காங்க. எட்டு எபிசோடு. பூராவும் ஒரு மாதிரிப் படமாம். கூட உக்காந்து நோட்ஸ் எடுக்கணுமாம். நீங்க முன்னால ஒரு படத்துக்கு எடுத்தீங்களாமே, எப்பிடிக்கா எடுக்கணும்?"

"கூச்சத்த வீட்டுல வச்சுப் பூட்டிட்டுப் போ" என்றேன். "காட்சி நம்பர், எத்தனாவது நிமிசம், யாரு யாரு இருக்கா, என்ன உடுத்தியிருக்கா, என்ன பேசுதா. அம்புட்டுத்தான். ஒன் அபிப்பிராயம் ஒரு வார்த்தை அதுல வரப்படாது."

"சரிக்கா. அந்தக் கேஸு கடைசியில என்னாச்சு?"

"உத்தரவாச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது பொய் இல்லை. ஆனால் மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டதும் சரியில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன். எந்த வருடம், என்ன படம் என்று கேட்காதீர்கள். வழக்குப் போட்ட அம்மாவின் பெயரைக் கேட்கவே வேண்டாம். வாதி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. அங்கே இரண்டு வருடம் தட்டச்சும் தமிழ்ச் சுருக்கெழுத்தும் படித்தேன். பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது. சாத்தூர், அருப்புக்கோட்டை, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர். மொத்தம் முப்பத்திரண்டு வருடம். கடைசி வருடங்களில் தினமும் ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவேன். சாயங்காலம் அதையே திருப்பிச் செய்வேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தப்புச் செய்தேன். சாத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு நில வழக்கில் தீர்ப்பாகியிருந்தது. நான் தட்டச்சு செய்ததில் சர்வே நம்பரில் ஒரு எண் மாறிவிட்டது. நிலத்தை ஒப்படைக்கப் போன கோர்ட் அமீனாவை எதிர்த்தரப்புக்காரர்கள் அந்த ஓர் எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைத் திருத்தி வாங்க அந்த மனிதர் எட்டு மாதம் நடந்தார். திருத்திய நகலைக் கையில் வாங்கும்போது என்னைத் திட்டவில்லை. "பரவால்ல தாயி, எனக்கு வயசு கெடக்கு" என்றார். எழுபதைத் தாண்டியவர்.

அன்றிலிருந்து உத்தரவின் முதல் பக்கத்தை மூன்று தடவை சரிபார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. அதற்குத் தலைப்பு என்று பெயர். வாதி யார், யாருடைய மனைவி, வயது என்ன, கதவு எண், தெரு, ஊர் எல்லாம் அங்கேதான் வரும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்று என் தலைப்புகளைப் பற்றி நீதிபதிகளே சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது அப்போது என் காதில் ஏறவில்லை.

இனி வழக்குக்கு வருகிறேன். வாதி ராஜபாளையத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் செட் வைத்திருந்தார். வாதியோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழி, பிற்காலத்தில் பேர் போன நாவலாசிரியை ஆகிவிட்டார். அவர் எழுதிய ஒரு காதல் நாவல் பெண்களிடையே சக்கைப்போடு போட்டது. சென்னையில் யாரோ அதைப் படமாக்கினார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். படத்தில் நாயகி வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை தெரியும். நாயகியின் கணவனுக்குப் பேண்டேஜ் தறி. தெருப் பெயர்கூட வாதியின் தெருப் பெயர்தான்.

இது என் வாழ்க்கை, படம் வெளியானால் நான் தெருவில் தலைகாட்ட முடியாது, தடை வேண்டும் என்பது வாதியின் மனு. எல்லாம் கற்பனை என்பது எதிர்த்தரப்பு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வழக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பே நான் அந்த நாவலைப் படித்திருந்தேன். அட்டைக்கு மேல் காலண்டர் தாள் போட்டு, இரண்டே நாளில். படுக்கையறைப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? ஆனால் என்னை அழ வைத்தது வேறொரு இடம். கல்யாணத்துக்கு முன்னால் தான் விரும்பிய பையன் விபத்தில் இறந்துபோன செய்தி நாயகிக்கு வருகிறது. மாமியார், நாத்தனார் என்று ஆள் நிறைந்த வீடு. யாரோ ஒருவனுக்காக அழ அவளுக்கு அங்கே இடம் இல்லை. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுகிறாள். வாளி நிரம்பி வழிகிறது, அவள் குழாயை மூடவில்லை. இந்த எழுத்தாளருக்கு எப்படித்தான் இதெல்லாம் தோன்றுகிறதோ என்று வியந்து போனேன்.

எங்கள் நீதிபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மனைவியை இழந்தவர். பிளாஸ்கில் சீரகத் தண்ணீர் கொண்டுவந்து, ஒவ்வொரு சாட்சி முடிந்ததும் ஒரு மூடி குடிப்பார். குரலை உயர்த்தியது கிடையாது. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதற்கு வக்கீல்கள் ரொம்பப் பயப்படுவார்கள். உத்தரவு சொல்லும்போது எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார். தமிழில்தான் உத்தரவு எழுதுவார். "வந்து நிக்கறவங்களுக்குப் புரியணுமில்லையாம்மா" என்பார்.

படத்தைப் பார்க்காமல் உத்தரவு போட மாட்டேன் என்றார். செல்போனில் பார்த்துவிடலாம் என்று படத்தரப்பு வக்கீல் சொன்னதற்கு, "ஜனங்க எப்படிப் பார்ப்பாங்களோ அப்படித்தான் நானும் பார்க்கணும்" என்றார். ஆகவே ஒரு புதன்கிழமை காலை, ராஜபாளையத்தில் ஒரு தியேட்டரைக் காலி செய்து வைத்தார்கள். நீதிபதி, இரண்டு தரப்பு வக்கீல்கள், வாதி, அவர் வீட்டுக்காரர், நான், கோர்ட் டவாலி முருகேசன். அவ்வளவு பேர்தான். தியேட்டர்காரர்கள் கொண்டுவந்த கலர் சோடாவை நீதிபதி தொடவில்லை. ஆகவே நாங்களும் தொடவில்லை.

இருட்டில் நான் எழுதுவதற்கு முருகேசன் டார்ச் பிடித்தார். அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்த சமயம். முதல் கட்டில் காட்சி வந்ததும் மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டார்ச்சும் கூடவே சுவருக்குப் போய்விட்டது.

"முருகேசன், வெளிச்சம் நோட்டுல இருக்கட்டும்" என்றார் நீதிபதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சாமி சரணம்" என்று முனகிக்கொண்டே, கண்ணை இறுக மூடியபடி டார்ச்சைத் திருப்பினார் முருகேசன்.

நீதிபதி கையைத் தூக்கினால் படத்தை நிறுத்த வேண்டும் என்று ஆபரேட்டருக்குச் சொல்லியிருந்தது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் எழுதினேன். "காட்சி பன்னிரண்டு. நாயகன் நாயகியின் கழுத்தில் முகம் புதைக்கிறான், கமா, நாயகி அவன் தலைமுடியைப் பற்றுகிறாள், முற்றுப்புள்ளி." சில சொற்களுக்கு நான் படித்த சுருக்கெழுத்தில் குறியே கிடையாது. முழுசாக எழுத்துக் கூட்டித்தான் எழுத வேண்டியிருந்தது. என் காது சூடாகிவிட்டது. நீதிபதியின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வரப்புத் தகராறில் வரைபடம் சொல்லும் அதே குரல்.

படத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை அன்று யாரும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். நாவலில் அரைப் பக்கத்தில் முடிந்த காதல், படத்தில் ஆறு நிமிடம் ஓடியது. அறை முழுக்க மெழுகுவர்த்தி. ராஜபாளையத்து வெயிலில் பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தி நாற்பது மெழுகுவர்த்தி ஏற்றி வைக்க யாருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது? நடித்த இருவரும் அழகாக இருந்தார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருவரையொருவர் விரும்பியதாகத் தெரியவில்லை.

பிறகு அந்தக் குளியலறைக் காட்சி வந்தது. இரண்டு நிமிடம். பின்னணி இசை இல்லை, தண்ணீர் விழும் சத்தம் மட்டும். அந்த நடிகை அங்கே மட்டும் நிஜமாகவே அழுதாள். நான் குறிப்பு எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். வாதி தலையைக் குனிந்திருந்தார். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரர், திரையைப் பார்க்காமல் மனைவியின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் குறிப்பில் எழுதவில்லை. அது காட்சியில் சேராது அல்லவா.

மறுநாள் நீதிபதியின் அறையில் விசாரணை. தனியாகப் பேச வேண்டும் என்று வாதி கேட்டிருந்தார். கணவர் கூடவே உள்ளே வரப் பார்த்தபோது வாதி நீதிபதியிடம், "அவிய வெளிய இருக்கட்டும்யா" என்றார். அந்த மனிதர் ஒன்றும் கேட்காமல் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் இருவரைத் தவிர இரண்டு வக்கீல்களும் நானும் மட்டும் இருந்தோம்.

"சொல்லுங்கம்மா. எந்தக் காட்சி உங்களுடையது?" என்றார் நீதிபதி.

"கட்டில் காட்சியெல்லாம் நானில்லய்யா. எனக்கும் அந்தப் பையனுக்கும் அப்பிடியெல்லாம் ஒண்ணும் கெடையாது. லைப்ரரி வாசல்ல நாலு மட்டம் பேசியிருப்போம், ஏழெட்டு லெட்டர் எழுதியிருப்போம், அம்புட்டுத்தான். அதையெல்லாம் படக்காரவுக இஷ்டத்துக்கு எடுத்துக்கிடட்டும்." கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அந்தக் குழாய்தான்யா என்னது. கல்யாணமாகி ஒரு வருசத்துல அவன் செத்துப்போனான். மாமியா வீட்டுல எங்க போய் அழுவ? குழாயத் தொறந்துவிட்டு அழுதேன். இருவது வருசத்துக்கு மேலாச்சு. ஒரே ஒருத்திகிட்டதான் சொன்னேன். ஒரே தட்டுல சாப்பிட்டவ. அவ எழுதிட்டா."

"உங்க வீட்டுக்காரருக்கு?"

"தெரியாதுய்யா. எங்க தெருப் பேரப் போட்டுட்டாக, ஊரு பேசும்னு சொல்லித்தான் கேஸு போடக் கூட்டியாந்தேன். நல்ல மனுசன்யா. கட்டிக்கிட்டவ இன்னொருத்தனுக்காக அழுதாள்னு தெரிஞ்சா அவிய தாங்க மாட்டாவ."

படத்தரப்பு வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, அந்தக் காட்சியில ஒரு பெண் சேலையை முழுசா உடுத்திக்கிட்டு பாத்ரூம்ல அழுவுது. வேற ஒண்ணுமே இல்லை. வெட்டணும்னா படுக்கைக் காட்சியைக் கேட்டாலும் அர்த்தம் இருக்கு."

நீதிபதி ரொம்ப மெதுவாகப் பதில் சொன்னார். "அந்த உடம்பு நடிகையோடது. அவங்க சம்மதிச்சு நடிச்சிருக்காங்க. அழுகை இவங்களோடது. இவங்க சம்மதத்தை யாரும் கேட்கலையே."

வெள்ளிக்கிழமை உத்தரவு. படத்துக்குத் தடை இல்லை. தெருப் பெயரை மாற்ற வேண்டும், குளியலறைக் காட்சியை முழுவதும் நீக்க வேண்டும். காரணம் சொல்லாத உத்தரவு மேல்கோர்ட்டில் நிற்காது என்பதால், ஏன் அந்தக் காட்சி வாதிக்கு உரியது என்பதை இரண்டு பத்தியில் சொன்னார். வாதி சொன்ன சொற்களையே போடச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "உத்தரவுல எங்கேயும் பேர் வரக்கூடாதும்மா. வாதின்னே இருக்கட்டும்" என்றார்.

அப்படியே செய்தேன். பதினான்கு பக்கத்திலும் பெயர் வந்த இடங்களைத் தேடித் தேடி எடுத்து, வாதி என்று போட்டேன். கணவர் பெயர், தோழி பெயர், விடுதியின் பெயர், ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாம் முடிந்தபின் வழக்கம்போல முதல் பக்கத்துக்குப் போனேன். மனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், கணவர் பெயர், வயது, கதவு எண், தெரு என்று மூன்று தடவை சரிபார்த்தேன். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

எனக்கு அது உத்தரவாகவே தோன்றவில்லை. உத்தரவு என்பது இரண்டாம் பக்கத்தில் தொடங்குவது. முதல் பக்கம் படிவம். படிவம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருடம் கை பழகிய வேலை அப்படித்தான் நினைக்க வைத்தது. நீதிபதி ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் போட்டுக் கடைசியில் கையெழுத்திட்டார். சாயங்காலம் வழக்கம்போல அது கம்ப்யூட்டரில் ஏறி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஆகிவிட்டது.

படம் வந்து இரண்டாம் வாரம், முருகேசன் செல்போனைப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "மேடம், நம்ம உத்தரவு வாட்ஸப்புல சுத்துதே, பாத்தீங்களா? படத்துல வெட்டுன சீன் இதுதான்னு போட்டு அனுப்புதானுவ. எங்க மச்சினன் கிருஷ்ணன்கோவில்ல இருந்து அனுப்பிருக்கான்."

வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கம். அவ்வளவு சுத்தமாக நான் அடித்திருந்த தலைப்பு. அடுத்து, அந்த இரண்டு பத்திகளுக்கு மேல் யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். படத்திலிருந்து நாங்கள் நீக்கச் சொன்ன இரண்டு நிமிடத்தை, பெயரும் விலாசமும் போட்டு நானே ஊருக்குக் கொடுத்திருந்தேன்.

நீதிபதியின் அறைக்குள் போய் நின்றேன். போனை நீட்டினேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என் தப்புங்கய்யா. மெமோ குடுங்க."

"தலைப்பை நானும்தாம்மா பார்த்தேன். சரியா இருக்கான்னு பார்த்தேன். சரியா இருந்துது." அன்று மத்தியானத்துக்குள் உத்தரவை இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னார். தவறு தன்னுடையது என்று மேலே கடிதம் எழுதினார். எனக்கு மெமோ வரவே இல்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோர்ட்டிலிருந்து எடுத்துவிட்டோம், சரி. ஊரார் போனிலிருந்து எடுப்பது எப்படி?

பத்து நாள் கழித்து வாதியின் வீட்டுக்காரர் வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். நகல் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"யம்மா, தியேட்டர்ல உக்காந்து எழுதுனது நீங்கதான?"

ஆமாம் என்றேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"அவ சுந்தரபாண்டியத்துல அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டாம்மா. கூப்புடப் போனேன். என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கா. சொவத்தப் பாத்துக்கிட்டு, 'மன்னிச்சுக்கோங்க, என்னைய விட்டுருங்க'ங்கா." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எதுக்கு மன்னிக்க? எனக்கு அன்னைக்கே தெரியும்மா."

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணம் பேசுறப்பவே அந்தப் பையனப் பத்தி ஒருத்தர் வந்து சொன்னாரு. சின்னப் புள்ளைக்கு மனசுல ஒண்ணு இருந்திருக்கும், போயிரும்னு விட்டுட்டேன். அவன் செத்த சேதி எனக்குக் காலையிலயே தறிச் செட்டுக்கு வந்திருச்சு. இவளுக்குத் தெரிஞ்சா என்ன செய்வாளோன்னு ஓடியாரேன். எங்கம்மா முன்னால பட்டாசால்ல உக்காந்து முறுக்குச் சுத்துது. பாத்ரூம்ல குழா ஓடுது. வாளி ரொம்புற சத்தம் ஒரு மாதிரி, வழியுற சத்தம் ஒரு மாதிரி. வழிஞ்சுக்கிட்டே இருக்கு. தெரிஞ்சு போச்சு. அப்ப எங்க வீட்டுல சின்ன டேங்குதான். தண்ணி நின்னுச்சுன்னா அழுவுற சத்தம் எங்கம்மாவுக்குக் கேட்டுரும். அதான் சத்தமில்லாமப் போய் மோட்டரப் போட்டுவிட்டேன். அவ வெளிய வார வரைக்கும் மோட்டர நிப்பாட்டல."

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"தெரியாத மாதிரியே இம்புட்டு வருசம் இருந்துட்டேன். அது அவளுக்கு நிம்மதின்னு இருந்தேன். இப்ப தெரியாத மாதிரி இருக்க முடியாம ஆக்கிட்டியளே."

அதில் கோபம் இல்லை. எங்கோ வழி தவறிவிட்ட ஆள் கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் இரண்டு கையையும் கூப்பினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"இத அவகிட்டச் சொன்னேன். சமாதானத்துக்குச் சொல்லுதேன்னு நெனைக்கா. எனக்கு வார்த்தை சரியா வராது. நீங்க அவ சொன்னத எழுதியிருந்தீங்களே, படிக்கையில அவ கொரலே கேட்டுச்சு. நான் சொன்னதையும் அப்பிடி எழுதிக் குடுங்கம்மா. எழுத்துல இருந்தா நம்புவா."

வழக்கு எண் இல்லாமல், சத்தியப் பிரமாணம் இல்லாமல் நான் ஒருவர் வாக்குமூலத்தை எழுதியது அன்றைக்கு மட்டும்தான். இன்னொரு முறை சொல்லச் சொல்லி, ஒரு சொல் விடாமல் எழுதி, வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தேன். இந்த முறை பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. புத்தி வந்துவிட்டதாக நினைப்பு. செய்த பாவத்துக்கு ஒரு பரிகாரம் கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சுந்தரபாண்டியம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார். போகும்போது, "அந்த அம்மா எப்படி இருக்காங்கன்னு எப்பவாவது தெரிஞ்சா சொல்லுங்கம்மா" என்றார். சரி என்றேன்.

அடுத்த வருடம், நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது, ராஜபாளையத்தில் காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தது அவர்தான். வாதி. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை.

"வீட்டுக்கு வந்துட்டேம்மா. ஆறு மாசமாச்சு" என்றார்.

"சந்தோசம்மா. நான் செஞ்சதுக்கு..."

"அத விடுங்க. ஊரு பேசுச்சு. ஊருக்கு எத்தன நாளைக்கு ஒரே பேச்சு பேசத் தெரியும்? ஓஞ்சு போச்சு." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த மோட்டர் போட்ட தாளு, அதையும் எழுதுனது நீங்கதான?"

"ஆமாம்மா."

"அப்பிடியே அவிய பேசுற மாதிரியே இருந்துச்சு. படிச்சுட்டு அவியளோட வந்துட்டேன். பொறவு வராம இருக்க முடியுமா? எம்புட்டு நல்ல மனுசன். ஊரே சொல்லுது." முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா ஒண்ணும்மா. எம் பொழப்புல எனக்குன்னு தனியா இருந்தது அந்த ஒரு மணி நேரந்தான். கதவச் சாத்திக்கிட்டு நான் மட்டும் இருந்தது. அவ எழுதிட்டா, படம் எடுத்தாக, ஊரு படிச்சுச்சு. சரி, அன்னைக்காவது நான் தனியா இருந்தேனேன்னு நெனச்சுக்கிடுவேன். இப்ப அன்னைக்கும் வெளிய ஆள் நின்னுருக்கு. குழாயத் தொறந்தா மோட்டர் சத்தம் கேக்குதான்னு காது போவுது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ஒரு சொல் தப்பில்லை. முதலில் அவருடைய மானத்தை எடுத்தேன், பிறகு மிச்சமிருந்த அந்த ஒன்றையும் நல்லது என்று நினைத்தே எடுத்துவிட்டேன். இனி இந்த வேலைக்கு வருகிறவர்கள் இப்படிச் செய்யாமல் இருக்க இதைப் பெயரில்லாமல் எங்காவது எழுதட்டுமா என்று கேட்டேன். கேட்ட பிறகு அதுவே அபத்தமாகத் தோன்றியது.

"எழுதிக்கோங்க. இனி என்ன இருக்கு?" என்றார்.

மடவார்விளாகம் வந்ததும் இறங்க எழுந்தார். எழுந்தவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காதருகே இன்னும் கொஞ்சம் சொன்னார். நாலைந்து வாக்கியம் இருக்கும். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

"இத மட்டும் எழுதிராதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எழுதவில்லை. என் நீதிபதிக்குக்கூடச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருட வேலையில், காதில் விழுந்ததை நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.